அரை வயிற்று ஆயுசு

என் வீட்டுக்காரர் சோற்றைத் தராசில் நிறுத்துச் சாப்பிட ஆரம்பித்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் எனக்கு ஒன்றும் புதிதில்லை. ஆர்.கே.புரத்தில் எங்கள் பிளாக் வாசலுக்கு வரும் காய்கறி வண்டிக்காரன் எடைக்கல்லை எடுத்தானானால், அதை வாங்கி என் கையில் ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். "பஹன்ஜி, இத்னா ஷக்!" என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். அக்கா, இவ்வளவு சந்தேகமா என்று. ஆமாம், அவ்வளவுதான். அப்படித்தான் நான் டில்லியில் அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன்.

முதலில் அந்தத் தராசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் தபால் அனுப்புகிற செக்‌ஷனில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை உறைகளை நிறுத்து, ஸ்டாம்பு ஒட்டி, மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். ஒருதரம் ஆபீஸில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் நாற்காலி, ஃபேன் என்று எடுத்து வந்தபோது, இவர் கடிதம் நிறுக்கும் பழைய தராசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே ஒரு தட்டு, முன்னால் ஒரு முள். "இது என்னத்துக்கு?" என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றார். அது பாட்டுக்குப் பரணில் கிடந்தது. வருஷக்கணக்காக அதை யாரும் தொடவில்லை.

ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் துடைத்து, எண்ணெய் விட்டு, சாப்பிடுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தார். நான் போட்ட சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துத் தராசில் வைத்தார். குனிந்து முள்ளைப் பார்த்தார். பாதியைத் திரும்பவும் சட்டியில் கொட்டினார்.

"கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பைத்தியத்துக்கு அதுதான் பேர்.

"இனிமே எனக்கு இவ்வளவுதான். கொறச்சுச் சாப்பிட்டா ஆயுசு கூடும். வயசாகது மெதுவாத்தான் ஆகும்."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல ஒரு அதிகாரி சொன்னாரு. படிச்ச மனுஷன்."

குளிர்காலத்தில் டில்லி சர்க்கார் ஆபீஸ்களில் மத்தியானம் ஒருத்தரும் உள்ளே இருக்க மாட்டார்கள். புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டு, வேர்க்கடலை தின்றுகொண்டு இருப்பார்கள். பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். அங்கேதான் பக்கத்து இலாகாவில் இருந்த ஒரு தமிழ் அதிகாரி, சயின்ஸ் படித்து வெளிநாடெல்லாம் போய் வந்தவர், இந்தக் கதையை அவிழ்த்துவிட்டிருக்கிறார். அங்கே எலிகளைக் கூண்டில் வைத்து வளர்க்கிறார்களாம். சில எலிக்கு வயிறு முட்டத் தீனி, சில எலிக்கு அளந்து குறைத்துப் போடுகிற தீனி. குறைத்துத் தின்ற எலிதான் அதிக நாள் உயிரோடு இருந்ததாம். கிழடு தட்டவே இல்லையாம். ரோமம் பளபளவென்று இருந்ததாம்.

"மனுஷனுக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொல்லுதாங்களாம்" என்றார்.

"உங்களுக்கு ரோமம் பளபளன்னு ஆகி என்ன செய்யப் போறிய?" என்றேன். அவர் அந்தப் பாதிச் சோற்றை மென்று மென்று தின்றார். அன்றிலிருந்து அந்த அதிகாரிக்கு என் வாயில் எலி அதிகாரி என்றே பேர் நிலைத்துவிட்டது.

அவருக்கு ஆயுசு மேல் ஏன் கண் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய அப்பா ஐம்பது வயதைப் பார்க்கவில்லை. அண்ணனும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நெஞ்சுவலி. இவருக்கு அந்த வருஷம் நாற்பத்தேழு. வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை, ஆனால் பிறந்த நாள் வந்தால் அவர் முகம் செத்துப்போகும், பாயசத்தைக்கூட மனசில்லாமல்தான் குடிப்பார். மனுஷன் பிழைத்துக் கிடக்க ஆசைப்படுகிறார், படட்டும். என் பயம் வேறு. நெஞ்சுவலி வருவதற்கு முன்னால் இந்தப் பட்டினியே அவரைக் கொண்டுபோய்விடும் என்று பயந்தேன்.

இந்த இடத்தில் கீழ்வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு நேர் கீழே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. முந்தின வருஷம் நவராத்திரி சமயத்தில் அந்த வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சர்க்கார் வீடு சர்க்கார் வேலையோடு போய்விடும். சில மாதம் தவணை கொடுத்தார்கள். பொங்கல் கழிந்ததும் அந்த அம்மா சாமானை லாரியில் ஏற்றினாள். டில்லியிலேயே பிறந்து தங்களுக்குள் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளும் லாரிப் பக்கத்தில் நின்று அழுதன. டில்லி வெயிலுக்கு ஜன்னலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற கூலரை மட்டும் ஏற்றவில்லை. "எங்க ஊர்ல இத வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? நீங்க வச்சுக்குங்க" என்று என்னிடம் தந்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர்தான் அதைத் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தராசு இறங்கியது. நான் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை, என் சந்தேகமெல்லாம் வேறு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

முதல் சந்தேகம் என் சமையல் மேல். புளி கூடிப் போச்சா, உப்பு குறைஞ்சு போச்சா என்று கேட்டுக் கேட்டு அலுத்தேன். "நல்லாத்தான் இருக்கு, அதனாலதான் கொறைக்கது கஷ்டமா இருக்கு" என்றார். இது புகழ்ச்சியா, சாக்கா?

அடுத்த சந்தேகம், வெளியே தின்றுவிட்டு வருகிறாரோ என்று. ஆபீஸ் வாசலில் பகோடாக்காரன் இருக்கிறான், சமோசாக்காரன் இருக்கிறான். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கிற சாக்கில் கையைப் பிடித்து மோந்து பார்ப்பேன். கோந்து வாசனையும் அரக்கு வாசனையும்தான் வரும். அவர் செக்‌ஷனுக்குப் பக்கத்து அறையில் ஒரு டைப்பிஸ்ட் பெண் இருந்தாள். வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பாளாம். அதை அவர்தான் என்றைக்கோ சொல்லியிருந்தார். சொன்னது அவர் தப்பு. சட்டைப்பையில் பலகாரத் துணுக்கு ஏதாவது இருக்கிறதா என்று துவைப்பதற்கு முன்னால் உதறிப் பார்ப்பேன். பஸ் டிக்கெட்டுதான் விழும்.

அப்புறம் வியாதியாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். டாக்டர் ஏதாவது சொல்லி, அதை என்னிடம் மறைத்துவிட்டு எலிக்கதை சொல்கிறாரோ? அவருக்கு உடம்பு சுடுகிறது என்று பொய் சொல்லிச் சர்க்கார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லி, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, "டீக் ஹை, பில்குல் டீக்" என்றாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். அவளையும் நான் நம்பவில்லை.

சரி, தராசோடு மல்லுக்கு நிற்கிறார், நாமும் நின்று பார்ப்போம் என்று இறங்கினேன். தராசுக்கு எடைதானே தெரியும், நெய் தெரியாதே. பருப்பில் நெய்யை விட்டேன். துவையலில் முந்திரியை அரைத்தேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் வாயில் வைத்தவர் நிறுத்திவிட்டு, "ஏட்டி, என்னைக் கொல்லப் பாக்கியா?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்பாவும் அண்ணனும் நெய்யூற்றித் தின்றவர்கள். அதற்குப் பிறகு நான் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

அவர் ஒதுக்கின பாதி எங்கே போகும்? சோற்றைக் கொட்ட என் கை வராது. எங்கள் மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு, கோழி கொறிக்கிற மாதிரிதான் சாப்பிடுவாள். ஆக, அந்தப் பாதியெல்லாம் எனக்குத்தான். அவர் கழுத்தெலும்பு தெரியத் தெரிய, என் ரவிக்கைக் கொக்கி மாட்டவில்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "க்யா பாத் ஹை! அவர் பாதியாயிட்டார், நீ ஒண்ணரையாயிட்டே" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தாள். எனக்கு எரிந்தது. மேலே வந்து யோசித்தால் இன்னும் எரிந்தது. எலிக் கணக்குப்படி பார்த்தால் குறைத்துத் தின்கிற அவர் நூறு வயது இருப்பார், அவர் பங்கையும் தின்கிற நான் சீக்கிரம் போய்ச் சேருவேன்.

"என்னை அனுப்பிச்சுட்டு நிம்மதியா இருக்கலாம்னு திட்டமா?" என்று நேராகவே கேட்டேன்.

"அந்தத் திட்டம்னா உனக்கு நெய்யூத்தில்லா போட்டிருப்பேன்" என்றார். அந்த மாதங்களில் அவர் சிரித்தது அந்த ஒருதரம்தான்.

மகளுடைய பிறந்த நாளுக்குச் சொதி வைத்தேன். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதி என்றால் கல்யாணத்து மறுநாள் விருந்து. தேங்காய்ப் பாலில் காய்கறியும் சிறுபருப்பும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் வைப்போம். அதற்காக ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை பஸ்ஸில் போய்த் தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கி வந்தேன். இவருக்குச் சொதி என்றால் உயிர். கல்யாணமான புதிதில் சட்டியை வழித்துத் தின்றவர். அன்றைக்கு ஒரு கரண்டியை எடுத்துக் கிண்ணத்தில் விட்டு, தராசில் வைத்துப் பார்த்து, "தேங்காப்பாலு வேண்டாம்" என்று தள்ளிவிட்டு, ஒரு சப்பாத்தியைப் பிய்த்தார்.

"சவத்துத் தராசு!" என்று கத்திவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். மகள் பின்னாலேயே வந்து, "அம்மா, அப்பாக்கு க்யா ஹோ கயா?" என்றாள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று. எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மே மாதம் வந்தது. டில்லியில் மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக ஊரெல்லாம் தோண்டிப் பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம், பஸ்ஸெல்லாம் சுற்றிச் சுற்றிப் போகும். ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆட்டோவுக்கு அங்கே ஸ்கூட்டர் என்றுதான் பேர். ஓட்டி வந்த சர்தார்ஜி என் வீட்டுக்காரரைத் தோளில் கைபோட்டு மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர் மயங்கி விழுந்திருக்கிறார். நடுவழியில் இறக்கி விட்டிருக்கிறார்கள். நான் பதறிப்போய், ஹார்ட்டா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று தமிழிலும் ஹிந்தியிலுமாகக் கேட்டேன்.

சர்தார்ஜி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் உடம்பைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் உடம்பைப் பார்த்தார். "பஹன்ஜி, ஆத்மி பூக்கா ஹை. குச் கிலாவோ" என்றார். இந்த மனுஷனுக்குப் பசி, ஏதாவது போடு என்று.

அந்தச் சொல்லைக் கேட்டு நான் கூனிக்குறுகிப் போனேன். மூன்று வேளை அடுப்பு எரிகிற வீட்டில், கட்டின புருஷனுக்குச் சோறு போடு என்று தெருவில் போகிறவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்! சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது, "சர்க்கரை எவ்வளவு போட்ட?" என்றுதான். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. மூலகாரணத்தையே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

எலி அதிகாரி லக்ஷ்மிபாய் நகரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்க்கெட்டுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் மணியை அடித்தேன். அவருடைய மனைவி கதவைத் திறந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா. யார் என்று சொன்னேன். "வாங்கோ வாங்கோ, உள்ள வாங்கோ" என்றாள். உள்ளே போனால், அதிகாரி மேஜைமுன் உட்கார்ந்திருக்கிறார். தட்டில் அடை. அடைமேல் வெண்ணெய். பக்கத்தில் வெல்லம். கல்லில் அடுத்த அடை வேகிற வாசனை வேறு.

நான் நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, மயக்கம், சர்தார்ஜி, ஒன்று விடவில்லை. அதிகாரி கையில் எடுத்த அடையை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அடடா! நான் சும்மா படிச்ச விஷயத்தைப் பேச்சுவாக்குல சொன்னேம்மா. அவரை யாரு பண்ணச் சொன்னா?"

"நீங்க அப்படிச் சாப்பிடறதில்லையா சார்?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இவரா? வெண்ணெய் இல்லேன்னா அன்னிக்கு அடையைத் தொட மாட்டார். ஊருக்கெல்லாம் எலிக்கதை சொல்லுவார், அவ்வளவுதான்."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் கூண்டுக்குள்ள இருக்கிற எலிம்மா. வெயில் கிடையாது, குளிர் கிடையாது, பூனை கிடையாது. நேரத்துக்குத் தண்ணி, நேரத்துக்குத் தீனி. அது குறைச்சுத் தின்னாலும் தாங்கும். டில்லி பஸ்ஸுல தொங்கிண்டு போற எலிக்கு என்ன ஆகும்னு யாரும் சோதிச்சுப் பாக்கலை."

இதைப் புல்வெளியிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, ஆக்கங்கெட்ட மனுஷன் என்று மனசுக்குள் திட்டினேன். அந்த அம்மா எனக்கும் ஒரு அடை வைத்தாள். மேஜையின் ஓரத்தில் நீலக் காகிதத்தில் ஒரு வரைபடம் விரித்திருந்தது. யமுனைக்கு அக்கரையில், மயூர் விஹார் பக்கம் சொசைட்டியில் பணம் கட்டிச் சொந்த வீடு வரப்போகிறதாம், இது சமையல் அறை, இது பால்கனி என்று காட்டினாள். நான் பார்த்தேன், ஆனால் மனசு அதில் இல்லை. வீட்டுக்குப் போய் இவரை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்பதிலேயே இருந்தது.

வந்ததும் பிடித்தேன். அவர் கீழ்வீட்டு அம்மா தந்த கூலருக்குப் பக்கத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க எலி அதிகாரி வெண்ணெய் வச்சு அடை திங்காரு. என் கண்ணால பாத்துட்டு வாரேன்" என்றேன்.

ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அசையவில்லை. "அவரு திங்கலாம்" என்றார்.

"அவரு மட்டும் என்ன, சாகா வரம் வாங்கிட்டு வந்தவரா?"

"அவரு செத்தா அவரு பொண்டாட்டிக்குச் சொந்த வீடு வருது." கையை நீட்டிக் கூலரைக் காட்டினார். "இது யாரு கூலர்?"

அவர் இத்தனை மாதம் பேசாததையெல்லாம் பேச ஆரம்பித்தார்.

"அந்த லாரில சாமானக் கயறு போட்டுக் கட்டினது நான். எங்க அப்பாவும் அண்ணனும் போன வயசு எனக்கும் வருது. நான் போயிட்டா நீயும் பிள்ளையும் எங்க போவிய? கொஞ்ச மாசம் விடுவான், பொறவு லாரிதான். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருது. அங்க எந்தக் கிளாஸ்ல கொண்டு உக்கார வைப்ப? எனக்கு ஒண்ணும் நூறு வயசு வேண்டாம். ரிட்டயர் ஆகுத வரைக்கும் உசுரு கெடந்தாப் போதும். அம்பத்தெட்டு. எலி கதையைக் கேட்டேன். பொய்யா இருந்தாலும் இருக்கட்டும், வேற என்ன வழி இருக்கு எனக்கு?"

அழுதுவிட்டேன். டைப்பிஸ்ட், பகோடா என்று எங்கெங்கேயோ தேடினேன், விஷயம் என் வீட்டுக்குள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"கீழ்வீட்டு அம்மாவுக்கு ஆபீஸ்ல வேலை குடுக்கலையா?"

"செத்தவன் பொண்டாட்டிக்குக் குடுக்கது உண்டு. கிளார்க் வேலைக்குப் பத்தாவதாவது வேணும், டைப் தெரியணும். அவங்க அஞ்சாவதோட நின்னவங்க. வேலை கெடச்சிருந்தா அவங்க பேருக்கே ஒரு குவார்ட்டர்ஸ் கேட்டிருக்கலாம். போகட்டும், அத விடு."

நான் விடவில்லை. நான் பாளையங்கோட்டையில் பத்தாவது தேறினவள்.

எங்கள் செக்டர் மார்க்கெட்டில் தையல் கடைக்கு மேலே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. மறுவாரமே போய்ச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெரியவர், "பெண்ணைச் சேர்க்க வந்தீர்களா?" என்று ஹிந்தியில் கேட்டார். "மேய்ன்" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரிக்காமல் ஒரு பழைய மிஷின்முன் உட்கார வைத்தார். என்னைச் சுற்றிச் சின்னப் பெண்கள். தேங்காய் துருவித் துருவிப் பழகின கைக்குச் சுண்டுவிரலால் ஒரு எழுத்தை அழுத்துவது எவ்வளவு பாடு என்று அப்போதுதான் தெரிந்தது.

அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? தாலி கட்டிக்கொண்டவள் தாலி போன பிறகு ஆக வேண்டியதற்குப் படிக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் காறித் துப்பாதா? அவருக்கே என்ன தோன்றும்? எனக்கே உறுத்தியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மலை மந்திர் படியேறி, "முருகா, நான் படிக்கிற இந்தப் படிப்பு எனக்குத் தேவைப்படக் கூடாது" என்று கும்பிட்டேன். படித்துத் தேறவும் வேண்டும், தேறினது வீணாய்ப் போகவும் வேண்டும் என்று அந்தக் கோயிலில் வேறு யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

மயங்கி விழுந்த பிறகு அவர் ஒரு வாழைப்பழமும் ஒரு தம்ளர் மோரும் கூட்டிக்கொண்டார். தராசு மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் இப்போது சந்தேகம் அவர் பக்கம் போயிற்று. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்தவர் இரண்டுதரம் பூட்டின கதவைப் பார்த்திருக்கிறார்.

"எங்க போயிருந்த?"

"மலை மந்திருக்கு."

"மத்தியானமா? நடை சாத்தியிருக்குமே?"

"வெளிய நின்னு கும்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியிடம்கூட, இவள் மத்தியானத்தில் எங்கே போகிறாள் என்று நைசாக விசாரித்திருக்கிறார். அவள் என்னிடம் வந்து கண்ணடித்துச் சொன்னாள்.

மறு குளிர்காலத்தில் பரீட்சை எழுதினேன். மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, இன்ஸ்டிடியூட் பெரியவர் பாஸ் என்று சொல்லி எனக்கே ஒரு லட்டு தந்தார். கை சும்மா இருக்குமா? காலியாக இருந்த மிஷினில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆசைதீர அடித்தேன், ரிப்பனைக்கூட நானே மாற்றிப் போட்டேன். அங்கிருந்து நேரே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்த் தேங்காய் வாங்கினேன்.

அவர் வந்தபோது சொதி கொதித்துக்கொண்டிருந்தது. செம்பை நீட்டினேன். அவர் செம்பை வாங்கவில்லை. என் கையைப் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் அவர் கையை மோந்து பார்த்த மாதிரியே.

"இது டைப் ரிப்பன் மை" என்றார். "பக்கத்து ரூம்ல நாள் பூரா இந்த வாசனைதான். ஏட்டி, நீ எங்க போய்ட்டு வாரே? நெசத்தச் சொல்லு."

சொன்னேன். ஒரு வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது கொட்டிவிட்டது.

"டைப் படிச்சேன். பாஸ் பண்ணிட்டேன். பத்தாவதும் இருக்கு. வேலையும் கெடைக்கும், வீடும் போகாது, பிள்ளை படிப்பும் நிக்காது. இனிமே நீங்க எப்ப வேணும்னாலும் தாராளமாச் சாகலாம். இப்ப உக்காந்து வயிறாரச் சாப்பிடுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கழுத்தில் கிடந்ததைக் கையால் பற்றிக்கொண்டு நின்றேன். அவர் என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. மகள் புத்தகத்தை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அவர் ஐம்பதைத் தாண்டினார். ஐம்பத்தெட்டில் ரிட்டயர் ஆகி, நாங்களே லாரி பிடித்து, நாங்களே கயிறு கட்டி, அந்தக் குவார்ட்டர்ஸை விட்டு இறங்கினோம். அந்த சர்ட்டிபிகேட்டை நான் ஒருவரிடமும் நீட்ட வேண்டி வரவில்லை. தின்றதால் இருந்தாரா, தின்னாமல் கிடந்த மாதங்களால் இருந்தாரா, எனக்குத் தெரியாது, யார் சொன்னாலும் நம்பவும் மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் சிரித்து ஓய்ந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தராசைத் தானே தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நீயும் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டுச் சொதியை ஊற்றினேன். குழைத்து ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். தட்டு காலியானது.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றார்.

எனக்கு உடனே சந்தேகம். "பசிச்சுக் கேக்கியளா, என் மனசுக்காகக் கேக்கியளா?"

"ஊத்துட்டி மொதல்ல."

ஊற்றினேன். அதையும் சாப்பிட்டுவிட்டு, நான் கேட்காமலே மறுபடியும் தட்டை நீட்டினார்.